பல விளையாட்டுப் பெட்டிகளுக்கு ஒரே திரை

வீடியோ விளையாட்டுகளுக்கென்றே அமைந்த மின்னணுக் கருவியை ஆங்கிலத்தில் கன்ஸோல் என வழங்குவர். இதற்குத் தமிழில் எல்லோரும் ஒப்பிய சொல் ஒன்று இன்னும் நிலைபெறவில்லையாதலின், விளையாட்டுப் பெட்டி என்றே இக்கட்டுரையில் குறிப்போம். 2006-ஆம் ஆண்டில் வெளிவந்த நின்டெண்டோ வீ, 2013-இல் வெளிவந்த பிளேஸ்டேஷன் 4, 2017-இல் வெளிவந்த நின்டெண்டோ சுவிட்ச் ஆகிய மூன்றும் ஒரே வீட்டில் இருப்பது இன்று அபூர்வமன்று. அவ்வீட்டில் ஒரு புரொஜெக்டரும் நல்ல ஒலிச் சாதனமும் இருந்துவிட்டால், இவற்றை எவ்வாறு பிணைப்பது என்னும் வினா உடனே எழுகிறது. கம்பியைப் பிடுங்கிப் பிடுங்கி மாற்றுவதே பலருடைய வழக்கம். இதனால் சில மாதங்களில் துளைகள் தளர்ந்துபோகின்றன. இங்குக் கூறப்படும் முறை, கம்ப்யூட்டர், காமிரா முதலிய பல சாதனங்களை ஒரே புரொஜெக்டரில் காட்ட வேண்டிய பள்ளிகளுக்கும் பயிற்சி நிலையங்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

முதலில் படம் செல்லும் பாதையைக் காண்போம். தற்காலப் பெட்டிகள் எல்லாம் எச்.டி.எம்.ஐ. என்னும் 19 முனைகள் கொண்ட இணைப்பின் வழியே படத்தையும் ஒலியையும் ஒரே கம்பிவடத்தில் அனுப்புகின்றன. அகலத்தில் 1920, உயரத்தில் 1080 புள்ளிகள் கொண்ட ஒரு படத்தில் மொத்தம் 20,73,600 புள்ளிகள் உள. வினாடிக்கு 60 படங்கள் வீதம், புள்ளி ஒன்றுக்கு 24 பிட்டுகள் எனக் கணக்கிட்டால், வினாடிக்கு ஏறத்தாழ 300 கோடி பிட்டுகள் அக்கம்பியின் வழியே ஓட வேண்டும். '4கே' எனப்படும் படத்திற்கு இதைப்போல் நான்கு மடங்கு. இவ்வளவு விரைந்தோடும் குறிகள் நீண்ட செப்புக் கம்பியில் வலுவிழப்பது இயற்கையே. ஆகவே 4கே படத்தை அறையின் மறுகோடிக்கு அனுப்ப வேண்டுமாயின், ஒளியிழை பொருந்திய கம்பிவடத்தை வாங்குவதே உசிதம். இதில் ஒரு முனை பெட்டிக்கும் மறுமுனை திரைக்கருவிக்கும் என எழுதியிருக்கும். தலைகீழாக மாட்டினால் படமே வராது. கூரைக்குள் கம்பியைப் புதைத்த பின் இதைக் கண்டுபிடிப்பவர்கள் உண்டு. நான்கடி தூரத்திற்குப் பொன்முலாம் பூசிய விலையுயர்ந்த கம்பி வாங்குவதோ வீண் செலவு. இது எண்முறைக் குறி; சரியாகச் சேர்ந்துவிட்டால் மலிவான கம்பியிலும் படம் அதே படந்தான்.

மூன்று பெட்டிகளை ஒரு புரொஜெக்டருடன் இணைக்கச் சிறந்த வழி, நடுவில் ஏ.வி. ரிசீவர் என்னும் ஒலிபெருக்கிச் சாதனத்தை அமைப்பதாகும். பெட்டிகள் யாவும் ரிசீவரின் பின்புறத் துளைகளில் சேர்கின்றன. ரிசீவர் ஒலியைத் தானே எடுத்துக்கொண்டு, படத்தை மட்டும் ஒரே கம்பியில் புரொஜெக்டருக்கு அனுப்புகிறது. தேர்வுப் பொத்தானை அழுத்தினால் வேறு பெட்டி திரைக்கு வரும். ரிசீவர் வாங்க வசதியில்லாதார் எச்.டி.எம்.ஐ. ஸ்விட்ச் என்னும் சிறு சாதனத்தையும், அதனோடு ஒலியைப் பிரித்தெடுக்கும் சாதனம் ஒன்றையும் கொண்டு இதே வேலையைச் செய்யலாம். கடையில் ஸ்பிளிட்டர் என ஒன்றும் கிடைக்கும். அது ஒரு படத்தைப் பல திரைகளுக்குப் பங்கிடுவது. நமக்கு வேண்டியதற்கு நேர் எதிரானது. பெயரைப் பார்த்து வாங்குவது நலம்.

பெட்டியை இயக்கியவுடன் அது திரைக்கருவியிடம், எத்தகைய படத்தை ஏற்பாய் என வினவுகிறது. கருவி தன் திறன்களின் பட்டியலைக் கம்பியின் வழியே திருப்பி அனுப்புகிறது. அன்றியும், நகலெடுப்பதைத் தடுக்கும் பொருட்டு எச்.டி.சி.பி. என்னும் மறைகுறியும் இருசாராரிடையே பரிமாறப்படுகிறது. நடுவிலுள்ள ரிசீவர் பழையதாயின், புதிய பெட்டியும் புதிய புரொஜெக்டரும் இருந்தும் தரம் குறைந்த படமே வரும். சில வேளை திரை கறுத்தே நிற்கும். அப்போது கருவிகள் பழுதடைந்துவிட்டன என்று கருதிவிட வேண்டாம். எல்லாவற்றையும் அணைத்து, முதலில் புரொஜெக்டரையும், பிறகு ரிசீவரையும், கடைசியில் பெட்டியையும் இயக்கிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் இதுவே போதும்.

ஒலியில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஒளிக்கம்பி வழியாக ஒலியைக் கொண்டுசெல்லும் டாஸ்லிங்க் இணைப்பு 1983-இல் தோஷிபா நிறுவனம் வெளியிட்டது. இன்றும் பல ஒலிச் சாதனங்களில் உள்ளது. அது சுருக்கப்படாத ஒலியாயின் இரண்டு தடங்களை மட்டுமே தாங்கும். ஆறு தடங்கள் வேண்டுமாயின் டால்பி, டி.டி.எஸ். போன்ற முறைகளில் ஒலி சுருக்கப்பட்டிருத்தல் வேண்டும். நின்டெண்டோ சுவிட்ச் பெட்டியோ ஆறு தட ஒலியைச் சுருக்காமலே எச்.டி.எம்.ஐ. வழியே தருகிறது. ஆகவே அதனை ஒளிக்கம்பி மூலம் இணைத்தவர், அறையைச் சுற்றி ஐந்து ஒலிபெருக்கிகளை வைத்தும் இரண்டு தட ஒலியையே பெறுவர்.

இனி, இப்பொருளில் மிக முக்கியமானதும் பலர் அறியாததுமான தாமதத்தைப் பற்றிச் சொல்வோம். விளையாடுபவர் பொத்தானை அழுத்திய கணத்திற்கும், அதன் விளைவு திரையில் தோன்றும் கணத்திற்கும் ஓர் இடைவெளி உண்டு. புரொஜெக்டர் வந்த படத்தை அப்படியே வீசுவதில்லை. அளவை மாற்றுகிறது, அசைவை மென்மையாக்குகிறது, சாய்வாக வைக்கப்பட்டிருந்தால் கோணத்தைத் திருத்துகிறது. ஒவ்வொரு வேலைக்கும் சிறிது நேரம் பிடிக்கிறது. சில புரொஜெக்டர்களில் இது 100 மில்லி வினாடிக்கும் மேற்படும். வினாடிக்கு 60 படங்கள் ஓடுகையில் இது ஆறு படங்களின் காலம். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசப்பட்ட கிரிக்கெட் பந்து இந்நேரத்தில் ஏறக்குறைய 3.9 மீட்டர் கடந்துவிடும். அவ்வளவு பின்தங்கிய பந்தைப் பார்த்து மட்டையைச் சுழற்றுபவரின் கதி என்னவாகும்? பிள்ளை தோற்றுத் தோற்று அழுவதற்குத் திறமைக்குறைவு காரணமாகாமல், புரொஜெக்டரே காரணமாக இருக்கக்கூடும்.

இதற்குப் பரிகாரம் உண்டு. புரொஜெக்டரின் பட்டியலில் 'கேம்' எனப்படும் விளையாட்டு முறையைத் தேர்ந்தால் தேவையற்ற திருத்தங்கள் நின்றுவிடும். கோணத் திருத்தத்தையும் தவிர்க்கும்பொருட்டுக் கருவியைத் திரைக்கு நேர்குத்தாக அமைத்தல் வேண்டும். புளூடூத் ஒலிபெருக்கிகளை விளையாட்டுக்கு உபயோகிக்க வேண்டாம். அவற்றின் ஒலி பலவேளை வினாடியில் பத்தில் ஒரு பங்குக்கும் மேலாகப் பின்தங்கும். ரிசீவர்களில் ஒலியைத் தாமதப்படுத்தும் அமைப்பு ஒன்று இருக்கும். திரைப்படத்தில் உதடசைவும் குரலும் இசைவதற்கு அது உதவும். ஆனால் கைக்கும் படத்திற்கும் இடையே உள்ள தாமதத்தை அதனால் போக்க இயலாது; ஒலியும் சேர்ந்து பிந்துவதே பலன். திரையிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி அமர்ந்தால் ஒலி காற்றில் வந்துசேர 9 மில்லி வினாடி ஆகும். அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

பழைய பெட்டிகள் தனித்த தொல்லை தருவன. வீ பெட்டிக்கு எச்.டி.எம்.ஐ. துளையே கிடையாது, மாற்றும் சாதனம் ஒன்று வேண்டும். அதன் கைக்கருவி திரையருகே வைக்கப்படும் ஒரு பட்டையைப் 'பார்த்து'த் தன் திசையை அறிகிறது. பெட்டியை அறையின் பின்புறம் புரொஜெக்டரருகே வைப்பவர்களும் அப்பட்டையைத் திரையருகிலேயே வைத்தாக வேண்டும். கம்பி எட்டாதெனில் கவலையில்லை. அப்பட்டை எச்செய்தியையும் பெட்டிக்கு அனுப்புவதில்லை. அகச்சிவப்பு ஒளி உமிழும் விளக்குகளே அதில் உள. எனவே மின்கலத்தால் இயங்கும் பட்டை ஒன்றும் அவ்வாறே பயன்படும். ஆசிரியர்கள் இதை மாணவர்க்குக் காட்டலாம்: கண்ணுக்குப் புலப்படாத அவ்வொளி பல கைபேசிகளின் காமிராவில் வெண்புள்ளிகளாகத் தெரியும்.

1980-களின் நின்டெண்டோ பெட்டியுடன் வந்த ஒளித்துப்பாக்கி புரொஜெக்டரில் வேலை செய்யாது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, இலக்கு மட்டும் வெண்மையாகும். அவ்வெளிச்சத்தைத் துப்பாக்கி உணர்வதே 'சுட்டதாக'க் கொள்ளப்படுகிறது. படக்குழல் தொலைக்காட்சியின் காலக்கணக்கிற்கேற்ப அமைந்த இம்முறை, தாமதமுள்ள திரையில் பலிக்காது. ஏரியல் கம்பி மட்டுமே உடைய பெட்டி இருந்தால், ஓடும் நிலையிலுள்ள ஒரு வி.சி.ஆர். அதன் அலைவரிசையைப் பிடித்து, மஞ்சள், வெள்ளைச் செருகிகள் வழியே படத்தையும் ஒலியையும் வெளியிடும்.

மின்சாரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. புரொஜெக்டர் ஒரு சுவரின் பிளக்கிலும் ஒலிச் சாதனம் வேறொரு சுவரின் பிளக்கிலும் இருந்து, இரண்டும் எர்த் இணைப்புடையனவாயின், இரு எர்த்துகளுக்கும் இடையே கம்பிகள் வழியாகச் சிறு மின்னோட்டம் ஓடி, ஒலிபெருக்கியில் ஓயாத ரீங்காரம் எழலாம். நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சியுடையதாதலின், அவ்வோசையும் 50 அல்லது அதன் மடங்குகளிலேயே கேட்கும். இதை நிறுத்த மூன்று முனைப் பிளக்கின் பெரிய முனையை வெட்டிவிடுவோர் இருக்கின்றனர். இதை எவரும் செய்யலாகாது. உலோகப் பெட்டியில் மின்கசிவு நேரின், உயிரைக் காப்பது அந்த முனையே. எல்லாக் கருவிகளையும் ஒரே பிளக்குப் பலகையில் சேர்த்தால் ரீங்காரம் பெரும்பாலும் அடங்கும். 6 ஆம்பியர் பிளக்கு 230 வோல்ட்டில் 1,380 வாட் வரை தாங்குமாதலின், புரொஜெக்டர், ரிசீவர், இயங்கும் பெட்டி ஒன்று ஆகியவற்றுக்கு அது போதும். அதே பலகையில் இஸ்திரிப் பெட்டியையும் மாட்டலாகாது.

பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் காற்றோட்டத்துடன் வைக்க வேண்டும். விளக்குள்ள புரொஜெக்டரை அணைத்த பின், உள்ளிருக்கும் விசிறி தானாக நிற்கும்வரை சுவர் ஸ்விட்சை அணைக்காதிருத்தல் அவசியம்.