கடைக் கணக்கு எந்தக் கோப்பில் இருக்கிறது?

நம் சங்கக் குடும்பங்களில் மாதச் சம்பளக்காரர்களே அதிகம் என்றாலும், கடை வைத்து முன்னுக்கு வந்தவர்களும் கணிசமாக உண்டு. மளிகை, காபிப்பொடி, மெஸ், மருந்து, ஜவுளி என்று பல தொழில்கள். முன்பெல்லாம் சிட்டை, பேரேடு என்று சிவப்பு அட்டை நோட்டுகள் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் அடுக்கியிருக்கும். இன்று அந்த இடத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. பில் போடுவது, சரக்கு இருப்பு, யாரிடம் எவ்வளவு பாக்கி என்பது எல்லாமே அதற்குள் அடக்கம்.

அண்மைக் காலமாகக் கடைக்கார அன்பர்கள் பலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "கம்ப்யூட்டரை மாற்றினோம். பழைய பில்லிங் புரோகிராம் புதியதில் ஓடமாட்டேன் என்கிறது. அதை விற்றவர் தொழிலை விட்டுவிட்டார். கணக்கெல்லாம் போய்விட்டதா?" பெரும்பாலும் போயிருக்காது என்பதே பதில். புரோகிராம் என்பது கணக்குப்பிள்ளை; கணக்கு எழுதப்பட்ட கோப்பு பேரேடு. கணக்குப்பிள்ளை ஊருக்குப் போய்விட்டாலும் பேரேடு கடையில்தான் இருக்கும். அவர் கையெழுத்தைப் படிக்க நமக்குத் தெரியவேண்டும், அவ்வளவே. அதை விளக்கவே இந்தக் கட்டுரை.

ஏன் ஓடவில்லை?

1990-களில் நம் நாட்டுச் சிறு கடைகளுக்கு எழுதப்பட்ட பில்லிங் புரோகிராம்களில் பெரும்பகுதி, டாஸ் இயங்குதளத்தில் ஓடும் டிபேஸ், கிளிப்பர், ஃபாக்ஸ்புரோ ஆகியவற்றில் எழுதப்பட்டவை. 32 பிட் விண்டோஸ் இருந்தவரை இவை எப்படியோ ஓடின. 64 பிட் விண்டோஸில் டாஸ் புரோகிராம் நேரடியாக ஓடாது. விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. விண்டோஸ் 10-க்கான பொதுவான இலவச ஆதரவு 14-10-2025 அன்று முடிந்துவிட்டதால் பலர் புதுக் கம்ப்யூட்டர் வாங்குகிறார்கள். வாங்கிய அன்றே இந்தச் சிக்கலும் வீட்டுக்கு வந்துவிடுகிறது. பின்னாளில் விண்டோஸுக்காகவே எழுதப்பட்ட புரோகிராம்களும் உரிமம் முடிந்தாலோ விற்றவர் காணாமல் போனாலோ இப்படி நின்றுவிடுவதுண்டு.

பழைய கணக்கு எதற்கு என்று அலட்சியம் செய்வதற்கில்லை. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆம் பிரிவுப்படி, ஓராண்டின் கணக்குகளை, அந்த ஆண்டுக்கான ஆண்டு ரிட்டன் தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்கவேண்டும். வழக்கு நிலுவையில் இருந்தால் இன்னும் கூடுதல். வரவேண்டிய பாக்கியோ, எந்தச் சட்டமும் சொல்லாமலே நமக்கு வேண்டியது.

முதலில் நகல்

எந்தக் கோப்பையும் திறந்து பார்ப்பதற்கு முன், புரோகிராம் இருக்கும் ஃபோல்டர் முழுவதையும் ஒரு பென் டிரைவில் நகல் எடுங்கள். ஒரு கோப்பை மட்டும் பொறுக்கி எடுக்கவேண்டாம். பல புரோகிராம்கள் ஒரே கணக்கை நாலைந்து கோப்புகளில் பிரித்து வைக்கும். நகல் எடுக்கும்போது பில்லிங் புரோகிராம் மூடியிருக்கவேண்டும். பிறகு சோதனைகளையெல்லாம் நகலில் மட்டுமே செய்யுங்கள். 'மாற்றங்களைச் சேமிக்கவா?' என்று கம்ப்யூட்டர் கேட்டால், 'வேண்டாம்' என்று சொல்லுங்கள்.

ஃபோல்டர் எங்கே என்று தெரியவில்லையா? திரையில் உள்ள பில்லிங் படத்தின்மேல் வலது பொத்தானை அழுத்தினால் கோப்பு இருக்கும் இடத்தைத் திறக்கும் வசதி வரும். பழைய கம்ப்யூட்டர் இன்னும் ஓடுகிறதென்றால் இன்னொரு எளிய வழியும் உண்டு. ஒரே ஒரு பில் போட்டுவிட்டுப் புரோகிராமை மூடுங்கள். பிறகு ஃபோல்டரில் உள்ள கோப்புகளைக் கடைசியாக மாறிய நேரப்படி வரிசைப்படுத்துங்கள். அந்த நிமிடத்தில் எந்தக் கோப்புகள் மாறியிருக்கின்றனவோ, உங்கள் சிட்டையும் சரக்கு இருப்பும் அவற்றில்தான். எஸ்.க்யூ.எல். சர்வர் போன்ற பெரிய ஏற்பாடுகளில் மட்டும் இந்தச் சோதனை உடனே பலிக்காமல் போகலாம்.

பெயரை நம்பாதீர்; தலைப்பைப் படியுங்கள்

கோப்பின் பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து மூன்று நான்கு எழுத்துகள் இருக்கும். விண்டோஸ் வழக்கமாக இதை மறைத்து வைக்கும். 'வியூ' பகுதியில் இதைக் காட்டச் சொல்லலாம். இந்தப் பின்னொட்டு ஒரு துப்புதான், முடிவான சான்று அல்ல. புரோகிராம் எழுதியவர் தம் விருப்பப்படி எந்தப் பின்னொட்டையும் வைத்திருக்கலாம். கோப்பின் ஆரம்பத்தில் உள்ள சில எழுத்துகளே அதன் உண்மையான அடையாளம்.

எங்கள் ரயில்வேயில் சரக்கு வேகனின் பக்கவாட்டில் 11 இலக்க எண் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதல் இரண்டு இலக்கம் வேகனின் வகை, அடுத்த இரண்டு எந்த ரயில்வேக்குச் சொந்தம், அடுத்த இரண்டு கட்டிய ஆண்டு, அதன்பின் நான்கு இலக்க வரிசை எண், கடைசி இலக்கம் எண்ணில் பிழை உண்டா என்று சரிபார்க்க. சீலை உடைக்காமலே வேகனின் ஜாதகத்தைச் சொல்லிவிடலாம். கோப்பின் தலைப்பும் இப்படித்தான்.

இதைப் பார்க்க ஹெச்.எக்ஸ்.டி. போன்ற இலவச 'ஹெக்ஸ்' பார்வைக் கருவி போதும். அவசரத்துக்கு நோட்பேடில் திறந்தாலும் முதல் வரி தெரியும், சேமிக்காமல் மூடிவிடவேண்டும்.

முதல் 15 எழுத்துகளில் 'எஸ்.க்யூ.லைட் ஃபார்மட் 3' என்று ஆங்கிலத்தில் இருந்தால் அது எஸ்.க்யூ.லைட் தரவுத்தளம். ஆரம்பத்தில் 'ஸ்டாண்டர்ட் ஜெட் டி.பி.' என்று தெரிந்தால் மைக்ரோசாஃப்ட் ஆக்ஸஸின் பழைய வகை. 'ஸ்டாண்டர்ட் ஏஸ் டி.பி.' என்றால் 2007-க்குப் பிந்தைய வகை. 'பி.கே.' என்ற இரண்டு எழுத்தில் தொடங்கினால் ஜிப் முறையில் சுருக்கப்பட்டது. பல புரோகிராம்களின் பேக்கப் வேறு பின்னொட்டோடு இப்படித்தான் இருக்கும். இன்றைய எக்ஸல் கோப்பும் உள்ளே ஜிப்தான். 'டேப்' என்று தொடங்கினால் பெரும்பாலும் எஸ்.க்யூ.எல். சர்வரின் பேக்கப். 'எம்.இஸட்.' என்று தொடங்குவது புரோகிராம். அதில் கணக்கு இருக்காது, யாராவது அனுப்பியதாக இருந்தால் தொடவே வேண்டாம். காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்ட சாதாரண எழுத்துகளே தெரிந்தால் உங்கள் அதிர்ஷ்டம். அதை எக்ஸலிலேயே படிக்கலாம்.

டி.பி.எஃப். என்னும் பழைய நண்பர்

டிபேஸ், கிளிப்பர், ஃபாக்ஸ்புரோ மூன்றும் எழுதுவது டி.பி.எஃப். கோப்பு. இதன் அமைப்பு மிக எளிது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஹெக்ஸ் கருவியில் முதல் எட்டு எண்கள் 03 62 07 15 50 03 00 00 என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இவை 16-ஐ அடிப்படையாகக் கொண்ட எண்கள். 03 என்பது டிபேஸ் மூன்றாம் வகை. அடுத்த மூன்றும் கடைசியாகக் கணக்கு எழுதிய தேதி: 62 என்பது நம் கணக்கில் 98, 07 மாதம், 15 என்பது 21. அதாவது 21-7-1998. அடுத்த நான்கும் மொத்தப் பதிவுகள். சிறிய இலக்கம் முன்னால் வரும். 50 என்பது 80, 03 என்பது மூன்று 256, அதாவது 768. ஆக மொத்தம் 848 பதிவுகள். 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளைச் சில புரோகிராம்கள் 1900-லிருந்து எண்ணியும், சில கடைசி இரண்டு இலக்கமாகவும் எழுதும்.

இதற்குப் பின் 32 எழுத்துக்கு ஒன்றாகப் பத்திகளின் பெயர்கள் வரும்: பில் எண், தேதி, தொகை என்று. ஒவ்வொரு பதிவின் முதல் எழுத்தும் முக்கியமானது. அது வெற்றிடமாக இருந்தால் பதிவு உயிரோடு இருக்கிறது. நட்சத்திரக் குறி இருந்தால் அழிக்கப்பட்டது. அழித்தது என்றாலும், புரோகிராம் கோப்பைச் சுருக்கும்வரை பதிவு அப்படியே கிடக்கும். கல்லாவில் இருந்தவர் அழித்த பில் பிறகு கண்ணில் படுவது இப்படித்தான்.

இதைப் படிக்கக் காசு செலவழிக்கவேண்டாம். லிப்ரே ஆஃபீஸ் என்ற இலவச மென்பொருளின் 'கால்க்' டி.பி.எஃப். கோப்பை நேராகத் திறக்கும். எக்ஸலும் திறக்கும். அழிக்கப்பட்டவற்றையும் பார்க்க லிப்ரே ஆஃபீஸின் 'பேஸ்' பகுதியில் வசதி உண்டு. கூடவே கிடக்கும் என்.டி.எக்ஸ்., சி.டி.எக்ஸ். கோப்புகள் வெறும் அகராதிகள். கணக்கு அவற்றில் இல்லை. டி.பி.டி., எஃப்.பி.டி. கோப்புகளில் நீண்ட குறிப்புகள் இருக்கும். அவற்றையும் உடன் வைத்துக்கொள்ளவேண்டும்.

மற்றவற்றுக்கு: எஸ்.க்யூ.லைட் என்றால் 'டி.பி. பிரவுசர்' என்ற இலவச மென்பொருள். அதே பெயரில் 'வால்' என்றோ 'ஜர்னல்' என்றோ முடியும் கோப்பு பக்கத்தில் இருந்தால் அதையும் சேர்த்தே நகல் எடுக்கவேண்டும்; கடைசிச் சில பில்கள் அதற்குள் இருக்கலாம். எம்.டி.எஃப்., எல்.டி.எஃப். இரட்டையருக்கு எஸ்.க்யூ.எல். சர்வரின் இலவச 'எக்ஸ்பிரஸ்' பதிப்பு வேண்டும். புதிய பதிப்பில் எழுதியதைப் பழைய பதிப்பு திறக்காது. டேலி வைத்திருப்பவர்கள், அதன் கோப்பை டேலியைத் தவிர வேறொன்றில் படிக்க முயலாமல், டேலி ஓடும்போதே எக்ஸலுக்கு ஏற்றுமதி செய்துவிடுவது நல்லது.

பத்தியைப் பார்த்துப் பொருள் அறிதல்

திறந்த பிறகு பத்திகளின் பெயர்கள் புரியாமல் போகலாம். பயப்படவேண்டாம், எண்களே பேசும். 890 என்று தொடங்கும் 13 இலக்கம், இந்தியாவில் பதிவான நிறுவனத்தின் பார்கோடு. 15 எழுத்துகள் கொண்டு முதல் இரண்டு 27 என்றால் மகாராஷ்டிரத்து ஜி.எஸ்.டி. எண், 33 என்றால் தமிழ்நாடு. 42917 என்று ஒரு பத்தியில் கண்டால் அது விலையாக இராமல் தேதியாக இருக்கலாம்: ஆக்ஸஸும் எக்ஸலும் நாட்களை 1900-ஐ ஒட்டி எண்ணி வைக்கும் முறையில் அது 1-7-2017, ஜி.எஸ்.டி. பிறந்த நாள். தொகைகள் நூறு மடங்காகத் தெரிந்தால் பைசாவில் எழுதியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம்.

பொருள்களின் பெயர் இந்தியிலோ தமிழிலோ எழுதப்பட்டு, இப்போது கன்னாபின்னா என்று தெரிந்தால் கோப்பு கெட்டுவிட்டதாக எண்ணவேண்டாம். யூனிகோட் பரவும் முன் புனேயின் சி-டாக் நிறுவனத்தின் ஜிஸ்ட் அட்டை வழியாக இஸ்கி முறையிலும், தனித்தனி எழுத்துருக்களிலும் எழுதினார்கள். அந்தந்த முறையிலிருந்து யூனிகோடுக்கு மாற்றினால் படிக்கலாம்.

எக்ஸலில் ஒரு சங்கடம் உண்டு. 13 இலக்கப் பார்கோடைச் சுருக்கிக் காட்டும். முன்னால் உள்ள பூஜ்யங்களை விழுங்கிவிடும். அப்படிப்பட்ட பத்திகளை 'டெக்ஸ்ட்' என்று குறிப்பிட்டே உள்ளே எடுக்கவேண்டும். கடைசியாக, கையில் உள்ள ஐந்தாறு பழைய காகித பில்களை எடுத்து, எண்ணும் தொகையும் கோப்பில் அப்படியே இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். அது பொருந்திய பிறகே மற்றதை நம்பலாம்.

ஒரு குடும்பத்தின் கதை

நம் அன்பர் ஒருவர் திடீரென்று காலமானார். மளிகைக் கடையை அவர் மனைவி எடுத்து நடத்தவேண்டிய நிலை. பில்லிங் புரோகிராமின் கடவுச்சொல் அவரோடு போய்விட்டது. பாக்கிக்காரர்களின் கணக்கு அதற்குள் இருந்தது. சிலர் தாமாக வந்து கொடுத்தார்கள். சிலர், "அண்ணாச்சியிடம் அப்போதே கொடுத்துவிட்டேனே, அக்கா" என்றார்கள். பார்த்தபோது எல்லாம் டி.பி.எஃப். கோப்புகள். புரோகிராமின் கடவுச்சொல் புரோகிராமின் வாசலுக்குத்தான் பூட்டு. கோப்புக்குப் பூட்டே இல்லை. ஒரு பிற்பகலில் பேரேடு முழுவதையும் அச்செடுத்துக் கொடுக்க முடிந்தது. கொடுத்துவிட்டதாகச் சொன்னவர்களில் இருவர் உண்மையிலேயே கொடுத்திருந்தார்கள் என்பதும் தெரிந்தது. வசூலான பணத்தைவிட, அந்த இருவரைத் தவறாக நினைக்காமல் தப்பித்தேன் என்பதே அந்த அம்மாளுக்குப் பெரிய ஆறுதல்.

சில எச்சரிக்கைகள்

கோப்பை ஏற்றினால் திறந்து காட்டுகிறோம் என்று சொல்லும் இணையதளங்களில் கடைக் கணக்கை ஏற்றாதீர்கள். அதில் உங்கள் வாடிக்கையாளர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கின்றன. அவர்கள் உங்களை நம்பிக் கொடுத்தவை அவை. அடுத்து, பிறர் கடைக் கோப்பை உரிமையாளர் சொல்லாமல் திறப்பது முறையாகாது. மூன்றாவது, புதிய பில்லிங் மென்பொருள் வாங்கும்போது, "என் கணக்கு முழுவதையும் எக்ஸலாக எடுத்துக்கொள்ள முடியுமா?" என்று விற்பவரிடம் கேளுங்கள், செய்து காட்டச் சொல்லுங்கள். தயங்குபவரிடம் வாங்கவேண்டாம். நான்காவது, கடவுச்சொல்லை ஒரு காகிதத்தில் எழுதி, வீட்டில் ஒருவருக்காவது தெரியும் இடத்தில் வையுங்கள்.

ஆயுத பூஜை அன்று கணக்கு நோட்டுகளுக்குப் பொட்டு வைத்துப் படைப்பது நம் வழக்கம். இந்த ஆண்டு அதற்கு முன்தினம் கடைக் கணக்கு முழுவதையும் ஒரு பென் டிரைவில் நகல் எடுத்து, திறந்து படிக்க முடிகிறதா என்று பார்த்து, அதையும் நோட்டுகளோடு சேர்த்து வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை இதைச் செய்தாலே, கம்ப்யூட்டர் எப்போது நின்றாலும் கடை நிற்காது.