இலை தழைதானே என்று கொடுக்கலாமா? ஆடு வளர்ப்போர் கவனத்திற்கு

ஹஜ்ஜுப் பெருநாள் குர்பானிக்காகப் பல வீடுகளில் ஆடு வளர்க்கிறார்கள். இலை தழை எதுவானாலும் ஆட்டுக்கு நல்லது என்பது பரவலான நம்பிக்கை. ஆனால் சில பயிர்களில் இயற்கையாகவே நச்சு உண்டு.

பூக்காத இளஞ்சோளம், அறுத்தபின் துளிர்க்கும் மறுதாம்பு, வறட்சியில் வாடிய சோளப் பயிர், மரவள்ளி இலை ஆகியவற்றை ஆடு மெல்லும்போது ஹைட்ரோசயனிக் அமிலம் வெளியாகிறது. இரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் உடலின் செல்கள் அதைப் பயன்படுத்த முடியாமல் போகிறது. மூச்சுத்திணறல், வாயில் நுரை, நடுக்கம் எனத் தொடங்கி, மருத்துவர் வருவதற்குள் உயிரே போய்விடலாம்.

இதைக் கண்டறிய பிக்ரேட் தாள் சோதனை உள்ளது. கசக்கிய இலையைச் சோதனைக் குழாயில் இட்டு, பிக்ரேட் கரைசலில் நனைத்த மஞ்சள் தாளை இலையில் படாமல் தொங்கவிட்டு மூடுவார்கள். தாள் செங்கல் நிறமானால் நச்சு இருக்கிறது. அளவை ஆய்வகத்தில் கணக்கிடலாம். பச்சைத் தீவனத்தில் கிலோவுக்கு 200 மில்லிகிராமைத் தாண்டினால் ஆபத்து.

பிக்ரிக் அமிலம் காய்ந்தால் வெடிக்கக்கூடியது. எனவே வீட்டில் முயல வேண்டாம். புதிதாகப் பறித்த இலையைக் காற்றுப் புகாத பையில் கட்டி, தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் சேர்ப்பியுங்கள்.

சோளத்தைப் பூத்தபின் அறுங்கள். மரவள்ளி இலையை நன்கு காயவைத்து, குறைவாகக் கொடுங்கள்.

வாயில்லாப் பிராணிகள் விஷயத்தில் அல்லாஹ்வை அஞ்சும்படி நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டுள்ளார்கள். நம் கையிலுள்ள ஆடு ஓர் அமானிதம். அதன் தீவனத்தைக் கவனிப்பதும் நம் பொறுப்பே.