தென்னிந்தியத் தேனீ வளர்ப்புக்கான நிதியும் பயிற்சியும்

தென்னிந்தியாவில் தேனீ வளர்ப்பு என்பது வேளாண்மையைச் சார்ந்த துணைத்தொழில் ஆகும். இதில் ஈடுபடுவோருக்கும், காட்டுத் தேனீக்களைப் பாதுகாக்க முயலும் குழுக்களுக்கும் அரசு அமைப்புகள், கூட்டுறவுச் சங்கங்கள், தொண்டு நிறுவனங்கள் ஆகியன மானியம், பயிற்சி, கருவிகள் என மூன்று வகைகளில் உதவுகின்றன. இவற்றுள் பெரிதும் பேசப்படுவது மானியமே. எனினும் பெட்டி கிடைப்பது வேறு, பெட்டியில் தேனீக்கள் தங்குவது வேறு என்பதை இத்தொழிலின் வரலாறு காட்டுகிறது.

வரலாறு

இயேசு சபைத் துறவியான அருட்தந்தை நியூட்டன், இந்தியத் தேனீயின் (ஏபிஸ் செரானா இண்டிகா) சிறிய கூட்டத்துக்கு ஏற்ற மரப்பெட்டி ஒன்றை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடிவமைத்தார். 1911 முதல் 1917 வரை சிற்றூர் மக்களுக்கு வளர்ப்பு முறைகளையும் கற்பித்தார். அப்பெட்டி அவர் பெயராலேயே நியூட்டன் பெட்டி எனப்படுகிறது.

அடுத்த முக்கிய மையம், அன்றைய திருவிதாங்கூரைச் சேர்ந்த மார்த்தாண்டம். 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்னும் அமெரிக்கரின் தலைமையில் கிறித்தவ இளைஞர் சங்கம் இங்கு ஊரக மறுசீரமைப்பு மையம் ஒன்றை நடத்தியது. அங்குக் கற்பிக்கப்பட்ட கைத்தொழில்களுள் தேனீ வளர்ப்பும் ஒன்று. பின்னர் வளர்ப்பாளர்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்து, உறுப்பினர்களின் தேனைச் சேகரித்துப் பதப்படுத்தி விற்றனர். சில பெட்டிகள் மட்டுமே வைத்திருக்கும் குடும்பம் தனியே சந்தையைத் தேடி அலைய வேண்டிய நிலை இதனால் குறைந்தது. மார்த்தாண்டம் தேன் 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது.

இப்பகுதியின் தேனில் பெரும்பகுதி பூக்களிலிருந்து வருவதன்று என்பது பலருக்கும் வியப்பளிக்கலாம். இலையுதிர்ந்த இரப்பர் மரங்கள் மீண்டும் துளிர்க்கும்போது, இளம் இலைக்காம்பின் நுனியில் உள்ள சுரப்பிகள் மதுவைச் சுரக்கின்றன. ஏறத்தாழ பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை இதுவே தேன் வரத்துக் காலம். ஆனால் இச்சுரப்பிகளில் மகரந்தம் இல்லை. புழுக்களை வளர்க்கத் தேவையான மகரந்தத்தைத் தேனீக்கள் வேறு செடிகளிலிருந்தே பெற வேண்டும். அதன் பின்னர் வரும் மழைக்காலத்தில் உணவு அரிதாகிவிடும். அப்போது சர்க்கரைப் பாகு கொடுக்காவிடில் கூட்டம் பெட்டியை விட்டு ஓடிவிடும்.

1991-92 பேரழிவு

1991-92ஆம் ஆண்டுகளில் தாய்லாந்து பைப்புழு நோய் என்னும் தீநுண்ம நோய் கேரளத்திலும் தமிழகத்திலும் பரவி, இந்தியத் தேனீக் கூட்டங்களில் மிகப் பெரும்பாலானவற்றை அழித்தது. நோயுற்ற புழு கூட்டுப்புழுவாக மாறாமல், நீர் நிறைந்த பைபோல ஆகி மடியும். இதற்கு மருந்து இல்லை. நோய்க்குத் தப்பிய கூட்டங்களைத் தேர்ந்து பெருக்குவது ஒன்றே வழியாக இருந்தது. நல்ல கூட்டத்தைப் பிரித்து வளர்க்கத் தெரிந்தவர்கள் இல்லாத இடத்தில் வெறும் பெட்டிகளே எஞ்சின. சிலர் மேற்கத்தியத் தேனீக்கு (ஏபிஸ் மெல்லிஃபெரா) மாறினர். அதற்குப் பத்துச் சட்டங்கள் கொண்ட பெரிய லாங்ஸ்டிராத் பெட்டி வேண்டும். பூக்கள் உள்ள இடங்களுக்குப் பெட்டிகளை வண்டியில் ஏற்றிச் செல்லவும் வேண்டும். எனவே முதலீடும் கூடுதல்.

நிதி உதவி

காதி கிராமத் தொழில்கள் ஆணையம் 2017இல் தொடங்கிய தேன் இயக்கத்தின்கீழ், பயிற்சியுடன் ஒருவருக்குப் 10 பெட்டிகள் என்ற அளவில் கூட்டங்களோடு வழங்கப்பட்டன. 2020இல் அறிவிக்கப்பட்ட தேசிய தேனீ வளர்ப்பு மற்றும் தேன் இயக்கத்துக்கு நடுவண் அரசு 500 கோடி ரூபாய் ஒதுக்கியது. மூன்று ஆண்டுகளுக்கென வகுக்கப்பட்ட இத்திட்டம் பின்னர் 2025-26 வரை நீட்டிக்கப்பட்டது. தேன் சோதனைக் கூடம், நோய் கண்டறியும் நிலையம், கருவிகளை வாடகைக்கு விடும் மையம் ஆகியவற்றுக்கும் இதில் இடமுண்டு. தனியாளுக்குத் தரும் பெட்டிகளைவிட, ஒரு வட்டாரத்திற்கே பயன்படும் இத்தகைய பொது வசதிகள் நீடித்த பயன் தரக்கூடியவை.

பயிற்சி

காதி ஆணையத்தின் மத்திய தேனீ ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனம் 1962 முதல் புனேயில் இயங்குகிறது. தமிழ்நாட்டில் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமும் வேளாண் அறிவியல் நிலையங்களும் குறுகியகாலப் பயிற்சி அளிக்கின்றன. சட்டங்களை எடுத்துப் பார்த்தல், ராணியை அடையாளம் காணல், கூட்டம் பிரித்தல், புழு அறையைத் தொடாமல் தேன் அறையிலிருந்து மட்டும் தேன் எடுத்தல் முதலியன பாடங்களாகும். ஒரு நாள் பயிற்சி அறிமுகத்துக்குப் போதுமானது. ஆனால் பஞ்ச காலத்தையும் தேன் வரத்துக் காலத்தையும் சேர்த்து ஓராண்டுச் சுழற்சியை அனுபவமுள்ள ஒருவருடன் கண்டவரே தனித்து வளர்க்கும் தகுதி பெறுகிறார்.

காட்டுத் தேனீக்கள்

பாறைகளிலும் உயர்ந்த மரங்களிலும் திறந்த ஒற்றை அடை கட்டும் மலைத்தேனீயைப் பெட்டியில் வளர்க்க இயலாது. ஆகவே பெட்டிக் கணக்கில் வழங்கப்படும் மானியம் அதனையோ, அதன் தேனை எடுக்கும் பழங்குடியினரையோ சென்றடைவதில்லை. நீலகிரியில் கோத்தகிரியைத் தலைமையிடமாகக் கொண்டு 1993இல் தொடங்கப்பட்ட கீஸ்டோன் அறக்கட்டளை இவ்விடைவெளியில் பணியாற்றுகிறது. குறும்பர், இருளர் முதலிய தேன் எடுப்போருடன் இணைந்து, புழுக்கள் உள்ள பகுதியை விட்டுவிட்டுத் தேன் உள்ள பகுதியை மட்டும் அறுக்கும் முறை, தூய்மையாக வடிகட்டல், நியாய விலை ஆகியவற்றில் அது கவனம் செலுத்துகிறது. பழங்குடியினரே பங்குதாரர்களாக உள்ள ஆதிமலை உற்பத்தியாளர் நிறுவனம் 2013இல் உருவானது. அந்நிறுவனத்துக்கு 2021இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் பரிசு கிடைத்தது.