துணை தேடும் இரவுக் குரல்

ஏப்ரல் கடைசியில் பெர்லின் நகரப் பூங்காக்களில் நள்ளிரவு தாண்டியும் ஒரு பறவை பாடிக்கொண்டிருக்கும். அதுதான் நைட்டிங்கேல். அதன் குரலைக் கேட்டவர்கள் பலர், நேரில் பார்த்தவர்கள் சிலரே. 16 செ.மீ. நீளம், 20 கிராம் அளவு எடை, பழுப்பு உடல், சற்றே சிவந்த வால். புதருக்குள் புகுந்துவிட்டால் சருகுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது.

பாடுவது ஆண். சகாராவுக்குத் தெற்கே குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, ஆண்களே முதலில் ஐரோப்பாவுக்குத் திரும்பி ஆளுக்கொரு புதர்ப் பகுதியைப் பிடித்துக்கொள்கின்றன. பெண்கள் பின்னால் வருகின்றன, அதுவும் இரவில் பறந்து. இருட்டில் மேலே கடந்துபோகும் பெண்ணைக் கீழே இறங்க வைக்கக் குரல்தான் ஒரே வழி. அதனால் இரவெல்லாம் விடாமல் பாடுவது பெரும்பாலும் இன்னும் ஜோடி சேராத ஆண். ஜோடி அமைந்ததும் இரவுப் பாட்டு வெகுவாகக் குறைந்துவிடும்.

ஓர் ஆணிடம் ஏறக்குறைய 200 வகைப் பாட்டுகள் இருக்கும். ஒவ்வொன்றும் சில விநாடிதான். விசில், உருட்டல், கரகரப்பு என மாறி மாறி வரும். பெரும்பாலும் குஞ்சுப் பருவத்தில் கேட்டுக் கற்றவை இவை. வயது ஏற ஏறச் சரக்கும் கூடுகிறது. மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்தில் இருக்கிறது பறவையின் குரல் உறுப்பு. அதன் இரு பக்கங்களையும் தனித்தனியே இயக்க முடிவதால்தான் இத்தனை நெளிவுசுளிவு.

பெர்லினில் நடந்த ஆய்வின் முடிவு 2004-இல் வெளியானது. வாகன இரைச்சல் மிகுந்த இடங்களில் இவை உரக்கப் பாடுகின்றன. அதே பறவை வார நாள் காலையில் கூட்டும் குரலை விடுமுறை நாளில் தணித்துக்கொள்கிறது. ஒரு மீட்டர் தூரத்தில் 90 டெசிபலை எட்டும் பறவைகளும் உண்டு.

இரைச்சலைச் சமாளிக்கும் பறவையால் புதரில்லாமல் வாழ முடியாது. தரையிலோ தரையை ஒட்டியோ, அடர்ந்த செடிகளுக்கு நடுவில்தான் அது கூடு கட்டும். பிரிட்டனில் மரங்களை அடியோடு வெட்டி மறுபடி அடர்ந்த புதராகத் தழையவிடும் பழைய வழக்கம் அருகியது. பெருகிய மான்கள் இளந்தளிர்களை மேய்ந்தன. அங்கே அரை நூற்றாண்டில் பத்தில் ஒன்பது பங்கு நைட்டிங்கேல்கள் குறைந்துவிட்டன. பெர்லினிலோ பல பூங்காக்களின் ஓரங்களை ஒட்ட வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட ஜோடிகள் அங்கே இனம் பெருக்குகின்றன. இந்தப் பாட்டைக் காப்பாற்ற நினைக்கும் நகராட்சிக்குச் செலவு அதிகமில்லை: சில மூலைகளில் கத்தரிக்கோலைக் கீழே வைத்தால் போதும்.