வீட்டு முற்றத்திற்குத் தொங்கு பூமரம்

வேலூர், ஆம்பூர்ப் பகுதிகளில் புதிதாக வீடு கட்டுவோர் முற்றத்தில் அழகுக்கென ஒரு மரம் வைக்க விரும்புவது நல்ல வழக்கமே. ஆயினும் ஜப்பான் தேசத்துத் தொங்கு செர்ரி மரத்தைப் படத்திற் கண்டு, அதன் கன்றை விலை கொடுத்து வரவழைப்பது வீண் செலவாகும். அந்நாட்டு மிஹாரு என்னும் ஊரில் ஆயிரம் வருஷத்திற்கு மேற்பட்டதெனக் கருதப்படும் அவ்வின மரமொன்று இன்றும் பூக்கிறது. ஆனால் பல வாரங்கள் கடுங்குளிரில் உறங்கியெழுந்தாலன்றி அதன் மொட்டுகள் சரிவர விரியா. வேலூரில் மார்கழி இரவிலும் அக்குளிர் வாய்ப்பதில்லை. கோடையிலோ வெப்பம் 40 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டும்.

அதற்கு ஈடாக நம் நாட்டிலேயே சரக்கொன்றை இருக்கிறது. சித்திரை, வைகாசியில் இலையுதிர்ந்த கிளைகளிலிருந்து பொன்னிறப் பூங்கொத்துகள் சரஞ்சரமாகத் தொங்கும். இதன் பட்டையை ஆவாரம்பட்டையைப் போலவே தோல் பதனிடுவதற்கும் உபயோகித்ததுண்டு. நெட்டிலிங்கத்தின் கிளைகளும் தொங்குமெனினும் அதன் பூ கண்ணைக் கவராது. இடம் குறுகியவர்களுக்கு மட்டும் அது ஏற்றது.

மரத்தைத் தெரிந்தெடுக்குமுன் கிணற்று நீரைச் சோதித்தறிதல் அவசியம். பச்சைத் தோலைக் கெடாமற் காக்க இடும் உப்பு, தோலை ஊறவைக்கும்போது நீரிற் கரைந்து வெளிவருகிறது. சாதாரணச் சுத்திகரிப்பினால் அது நீங்குவதில்லை. இப்பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் சாகுபடி நிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ தகுதியிழந்தது என்ற ஆய்வு 1996-ஆம் வருஷத்துச் சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பில் எடுத்துக் காட்டப்பட்டது. ஆகவே பக்கத்து வீட்டில் செழித்த மரம் தன் வீட்டிலும் செழிக்குமென்று நம்பலாகாது. மண்மேல் வெண்மையாக உப்புப் பூத்தாலும், இருக்கும் செடிகளின் இலை நுனி கருகினாலும், மண்ணையும் நீரையும் மண் பரிசோதனை நிலையத்திற்கு அனுப்புதல் வேண்டும்.

நீர் நன்றாயின் கொன்றையே சிறந்தது. விதையின் தோல் மிகக் கடினம். ஆகையால் ஓரத்தைச் சிறிது தேய்த்து, ஓரிரவு நீரில் ஊறவைத்து விதைக்கலாம். கன்றைப் புரட்டாசி, ஐப்பசி மழையில், சுவருக்குப் பதினைந்து அடி தள்ளி, இரண்டடிக் குழியில் தொழுவுரமிட்டு நடுக. தண்ணீர் தேங்கும் இடம் ஆகாது. பூப்பதற்குச் சில வருஷங்கள் செல்லும். அவசரக்காரர்களுக்கு இம்மரம் உதவாது. இலையைத் தின்னும் பச்சைப் புழுக்கள் பெரும்பாலும் மஞ்சள் வண்ணத்துப்பூச்சியாக மாறுபவை. அவற்றிற்கு மருந்தடிக்கத் தேவையில்லை. காயினுள் இருக்கும் கரிய சதை பேதியாக்குவதால் குழந்தைகள் தின்னாமற் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நீர் உப்பாயின் கொன்றையின்மேல் உள்ள ஆசையை விட்டுப் புங்கம் வைப்பதே உத்தமம். அது உவரைத் தாங்கும். கிளைகள் தாழ்ந்து கவிந்து நல்ல நிழல் தரும். பூ சிறிதாயினும், தழை நெல் வயலுக்கு உரமாகும். சாவடி, பள்ளிக்கூடம் ஆகிய பொது இடங்களில் நடுவதற்கும் கிராம உத்தியோகஸ்தர்கள் இதனையே முதலிற் கருதலாம்.