சோறு போடாத ஆட்டம்

பாயான் பாரு வட்டாரத்தில் பத்துப் பையன்களை நிறுத்தி, என்ன விளையாட்டு பிடிக்கும் என்று கேட்டால் காற்பந்து என்பார்கள், பூப்பந்து என்பார்கள். ரக்பி என்று சொல்பவன் அபூர்வம். அப்படியே ஒருவன் சொல்லிவிட்டாலும், “அதை விளையாடி என்ன கிடைக்கும்?” என்று வீட்டில் கேட்பார்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை பார்த்து டியூஷன் கட்டணம் கட்டும் பெற்றோர் அப்படிக் கேட்பது நியாயம்தான். இந்தக் கேள்விக்கு ராகுல் போஸின் கதை நல்ல விடை தரும்.

2013இல் வெளிவந்த ‘விஸ்வரூபம்’ படத்தில் கமல்ஹாசனுக்கு எதிராக ஓமர் என்ற வில்லனாக வந்து மிரட்டினாரே, அவரேதான். அந்த நடிகர் இந்திய நாட்டு ரக்பி அணியில் விளையாடியவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

இந்தியாவுக்கு ரக்பி புதிதல்ல. 1870களிலேயே கல்கத்தாவில் வெள்ளைக்காரர்கள் கிளப் அமைத்து ஆடினார்கள். ஆள் குறைந்து கிளப்பை மூடியபோது, வங்கியில் மீதமிருந்த வெள்ளி ரூபாய்களை எடுத்து, உருக்கி, ஒரு கிண்ணம் செய்தார்கள். பிடிகள் நாகப்பாம்பு வடிவம், மூடியில் ஒரு யானை. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879 முதல் மோதிவரும் கல்கத்தா கிண்ணம் அதுதான். நம் நாட்டிலும் கதை ஏறக்குறைய அதேதான். 1921இல் பினாங்கு உள்ளிட்ட துறைமுகங்களுக்கு வந்த ‘மலாயா’ போர்க்கப்பலின் மாலுமிகள் காற்பந்துக்கு ஒன்றும் ரக்பிக்கு ஒன்றுமாக இரண்டு கிண்ணங்கள் கொடுத்தார்கள். காற்பந்துக் கிண்ணத்தை ஊரே அறியும். ரக்பிக் கிண்ணத்தை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

இந்திய வெள்ளியில் கிண்ணம் செய்த ஆட்டத்தில், இந்தியா தனக்கென ஓர் அணியை அனைத்துலகப் போட்டிக்கு அனுப்பியது 1998இல்தான். இடையில் நூற்று இருபது ஆண்டுகள்! ஆட்டம் கிளப்புகளுக்குள்ளும் இராணுவத்துக்குள்ளும் அடைந்து கிடந்தது. திடல் வைத்திருந்தவர்களே ஆடினார்கள். ராகுல் போஸும் அப்படிப்பட்ட வசதியான சூழலில் வந்தவர்தான். மும்பையின் பெயர்பெற்ற பள்ளியில் படித்தார், பம்பாய் ஜிம்கானாவுக்கு ஆடினார். இதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது சரியாகாது.

ஆசிய வெற்றியாளர் போட்டியில் ஆடிய அந்த முதல் அணியில் அவர் இடம்பெற்றபோது வயது முப்பதைத் தாண்டியிருந்தது. மற்ற நாடுகளில் ஓய்வைப் பற்றி யோசிக்கும் வயது அது. ‘ஸ்க்ரம் ஹாஃப்’ என்ற இடத்திலும் வலது ஓர ஆட்டக்காரராகவும் ஆடினார். ரக்பியில் ஓர் அணிக்குப் பதினைந்து பேர், ஆட்டம் 80 நிமிடம். பந்தைக் கையால் முன்னோக்கி வீசக் கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்க வேண்டும். இரு தரப்பிலும் எட்டு எட்டுப் பேர் தோளோடு தோள் முட்டித் தள்ளும்போது, காலடியில் வெளிவரும் பந்தை எடுத்து மற்றவர்களுக்குக் கொடுப்பவரே ஸ்க்ரம் ஹாஃப். பெரும்பாலும் அணியிலேயே உருவத்தில் சிறியவர். உருவம் சிறிது என்று நம் பிள்ளைகளை ஒதுக்குபவர்கள் இதைக் கவனிக்கலாம்.

உலக ரக்பி 1995இல் தொழில்முறை ஆட்டமாக மாறியது. அந்த மாற்றம் இந்தியாவை எட்டவில்லை. போஸ் அணியில் இருந்த ஆண்டுகளிலேயே படம் இயக்கினார். 2002இல் ‘மிஸ்டர் அண்ட் மிஸஸ் ஐயர்’ படத்தில் நடித்துப் பெயர் வாங்கினார். சோறு போட்டது சினிமா. எலும்பைப் பதம் பார்த்தது ரக்பி. 2009ஆம் ஆண்டுப் பருவத்துக்குத் திரும்பப் போவதில்லை என்று அறிவித்து விலகினார். ஏறக்குறைய பத்தாண்டுகள்!

அவர் ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே ஆட்டம் ஜிம்கானா மதில்களைத் தாண்டத் தொடங்கிவிட்டது. ஒடிசாவின் பழங்குடிப் பிள்ளைகள் படிக்கும் கலிங்கா சமூக அறிவியல் கழகத்தின் பையன்கள் 2007இல் லண்டன் சென்று பதினான்கு வயதுக்குட்பட்டோர் பள்ளிப் போட்டியில் வென்று வந்தார்கள். பிறகு பெண்கள் வந்தார்கள். 2019 ஜூனில் மணிலாவில் இந்தியப் பெண்கள் சிங்கப்பூரை 21-19 என வீழ்த்தினார்கள். பதினைந்து பேர் ஆட்டத்தில் அவர்களின் முதல் அனைத்துலக வெற்றி அது. பீகாரின் எளிய குடும்பத்தில் பிறந்த ஸ்வீட்டி குமாரிக்கு அதே ஆண்டு அனைத்துலகச் சிறந்த இளம் ஆட்டக்காரர் என்ற பட்டம் கிடைத்தது.

போஸ் 2021இல் இந்திய ரக்பி சங்கத் தலைவரானார். நட்சத்திரங்கள் நாற்காலிக்கு ஆசைப்படுவது புதிதல்ல. ஆனால் இவரிடம் ஒரு வேறுபாடு உண்டு: காசில்லாமல் ஆடுவது என்றால் என்னவென்று இவருக்கு உடம்பாலேயே தெரியும். 2025 ஜூனில் ரக்பி பிரீமியர் லீக் தொடங்கியது. அணிக்கு ஏழு பேர் ஆடும் விரைவு ஆட்டம், ஆறு அணிகள். வெளிநாட்டு நட்சத்திரங்களோடு இந்தியப் பையன்களும் ஊதியம் பெற்று இறங்கினார்கள். இறுதியாட்டத்தில் டில்லியை 41-0 எனத் தோற்கடித்து முதல் கிண்ணத்தைத் தட்டிச் சென்ற அணியின் பெயர் சென்னை புல்ஸ். போட்டி நடந்ததோ மும்பை அந்தேரியின் காற்பந்துத் திடலில். சென்னைக்காரர்கள் தங்கள் ஊர் அணி வென்றதைத் தொலைக்காட்சியில்தான் பார்த்தார்கள்.