இரண்டு மென்பொருள், ஒரே குழாய்

நியாலாஸ் பக்கம் உறுமி மேளம் வாசிக்கும் படிவம் நான்கு மாணவன் ஒருவன் சில மாதங்களுக்கு முன் மடிக்கணினியோடு என்னிடம் வந்தான். ஒரு மென்பொருளில் தாளம் அமைத்திருந்தான். இன்னொன்றில், பால்மரம் வெட்டிய காலத்துப் பாட்டுகளைப் பாடும் தன் தாத்தாவின் குரலைப் பதிவு செய்திருந்தான். இரண்டையும் ஒன்றாகத் திறந்தால், இரண்டாவது மென்பொருள் ஊமையாகிவிடுகிறது. “கடையில் ஃபார்மெட் செய்யணும்னு சொல்றாங்க, சார்” என்றான். ஃபார்மெட் செய்தால் தாத்தாவின் குரலும் போய்விடும். வேறெங்கும் அவன் படி எடுத்து வைத்திருக்கவில்லை. முதலில் அதை ஒரு பெண்டிரைவில் சேமிக்கச் சொன்னேன். பிறகுதான் கணினியைப் பார்த்தோம்.

அதில் எதுவும் பழுதாகியிருக்கவில்லை.

உங்கள் குரல் ஒலிவாங்கிக்குள் நுழைந்ததும் மின் அலையாகிறது. கணினி அந்த அலையை ஒரு வினாடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக எழுதிக்கொள்கிறது. இசைக் குறுந்தட்டுக்கு உரிய அளவு இதுதான். காணொளிக்குப் பெரும்பாலும் 48,000. இந்த எண்களை ஒலிக்கருவிக்கும் மென்பொருளுக்கும் இடையே கொண்டு போய்க் கொண்டு வருகிற சிறிய நிரலுக்குத்தான் ‘டிரைவர்’, அதாவது இயக்கி என்று பெயர்.

சாதாரண நேரத்தில் விண்டோஸ் ஒரு பொதுக் கலவைத் தொட்டியை வைத்திருக்கிறது. யூடியூப் பாட்டு, வாட்ஸ்அப் மணி, விளையாட்டின் வெடிச்சத்தம் எல்லாம் அதில் விழுந்து, கலந்து, ஒலிபெருக்கிக்குப் போகும். யாரும் யாரையும் தடுப்பதில்லை. ஆனால் கலப்பதற்கு நேரம் பிடிக்கும். பாட்டுக் கேட்பவருக்கு அந்தத் தாமதம் தெரியாது. தாளத்தோடு சேர்ந்து பாடுபவருக்கோ உடனே தெரிந்துவிடும்.

அதனால் ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997-இல் ‘ஏசியோ’ என்ற முறையைக் கொண்டுவந்தது. அது கலவைத் தொட்டியைத் தாண்டி ஒலிக்கருவியோடு நேராகப் பேசுகிறது. தோட்டத்து லயத்தில் பொதுக் குழாய் இருந்தது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். வாளியோடு வரிசையில் நின்றால் எல்லாருக்கும் தண்ணீர் கிடைக்கும். ஒருவர் வந்து குழாயில் ஹோஸைச் செருகிவிட்டால் அவருக்கு வேகமாகத் தண்ணீர் போகும். மற்றவர் வாளி காலிதான். பெரும்பாலான ஏசியோ இயக்கிகள் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மென்பொருளைத்தான் ஏற்றுக்கொள்ளும். அந்த மாணவனின் இரண்டு மென்பொருளும் ஒரே ஏசியோ இயக்கியைக் கேட்டன. முதலில் வந்தது பிடித்துக்கொண்டது. அவ்வளவுதான் சிக்கல்.

தாமதத்தை நீங்களே கணக்கிடலாம். இயக்கி எண்களை ஒவ்வொன்றாக அனுப்பாது. ஒரு கூடை நிரம்பிய பிறகே அனுப்பும். அந்தக் கூடைக்கு ‘பஃபர்’ என்று பெயர். 256 எண் கொள்ளும் கூடை என்றால் 256 ÷ 44,100, அதாவது சுமார் 5.8 மில்லிவினாடி. நம் ஊர் வெயிலில் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் போகும். ஆக, மேளக்காரர் உங்களுக்கு 2 மீட்டர் தள்ளி நிற்பது போன்ற தாமதம். 1,024 எண் கொள்ளும் கூடையானால் 23 மில்லிவினாடி. மேளக்காரர் 8 மீட்டர் தள்ளிப் போய்விடுவார். உள்ளே ஒரு கூடை, வெளியே ஒரு கூடை என்பதால் நடைமுறையில் தாமதம் இன்னும் கூடும். சரி, கூடையை மிகச் சிறிதாக்கிவிடலாமே என்றால், கணினியால் ஈடுகொடுக்க முடியாமல் ‘சடசட’ என்று சத்தம் வரும். பதிவு செய்யும்போது சிறிய கூடை, பிறகு ஒலியைக் கலந்து மெருகேற்றும்போது பெரிய கூடை என்று மாற்றிக்கொள்வதே வழக்கம்.

எனக்கு மிகவும் பிடித்த கோளாறு வேறு ஒன்று. 44,100-இல் பதிவான பாட்டை, மாற்றிக் கணக்கிடாமல் 48,000 வேகத்தில் ஓடவிட்டால் என்ன ஆகும்? ஒரு நிமிடப் பாட்டு 55 வினாடியில் முடிந்துவிடும். சுருதியும் ஏறும்: ஆர்மோனியத்தில் கறுப்புக் கட்டையையும் சேர்த்து எண்ணினால், அடுத்த கட்டையைத் தாண்டி அதற்கடுத்ததற்குப் பாதி வழி. தாத்தா சிறுவன் போலப் பாடுவார்! குரல் இப்படி மாறினால் ஒலிவாங்கியைக் குறை சொல்லாதீர்கள். இரண்டு மென்பொருளிலும் இந்த எண் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்படிப்பட்ட கோளாறை ஆராயும்போது ஆய்வுக்கூடத்தில் செய்வது போலவே ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் மூடிவிட்டு, ஊமையான மென்பொருளை மட்டும் தனியாகத் திறந்தோம். ஒலி வந்தது. வன்பொருளும் கம்பியும் நலம் என்று அப்போதே தெரிந்துவிட்டது. சில சமயம் மூடிய மென்பொருள் உண்மையில் மூடியிருக்காது; திரைக்குப் பின்னால் ஓடிக்கொண்டே குழாயைப் பிடித்திருக்கும். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும் பட்டியலில் அதைக் காணலாம். ‘ஏசியோ ஃபார் ஆல்’ என்ற இலவச இயக்கியைப் பயன்படுத்துபவர்கள் இணைய உலாவியையும் மூடிப் பாருங்கள். அது விண்டோஸ் இயக்கியின் மேல் அமர்ந்து வேலை செய்வதால், உலாவியில் ஒரு காணொளி ஓடினாலே ஒலிக்கருவி அதன் கைக்குக் கிடைக்காமல் போகலாம்.

பிறகு என்ன செய்யலாம்? தாளம் கேட்பதற்கு மட்டும் உள்ள மென்பொருளை விண்டோஸின் பொது வழிக்கு மாற்றி, பதிவு செய்யும் மென்பொருளுக்கு மட்டும் ஏசியோவைக் கொடுத்துப் பார்க்கலாம். கியூபேஸ், ரீப்பர் போன்றவற்றில், பின்னணிக்குப் போனதும் இயக்கியை விட்டுவிடு என்று சொல்லும் அமைப்பும் உண்டு. விலை கூடிய சில ஒலிக்கருவிகளின் இயக்கிகள் பல மென்பொருள்களை ஒன்றாக ஏற்கும். ஆப்பிள் கணினியில் இந்தத் தகராறு குறைவு. அதன் ஒலி அமைப்பு தொடக்கத்திலேயே பகிர்வதற்காகக் கட்டப்பட்டது.

என்னைக் கேட்டால், இரண்டையும் ஒன்றாகத் திறக்கவே தேவையில்லை. தாளத்தை ‘வேவ்’ கோப்பாகச் சேமித்து, முதல் மென்பொருளை மூடி, அந்தக் கோப்பை இரண்டாவதில் இழுத்துப் போட்டால் போதும். அந்த மாணவனும் அப்படித்தான் செய்தான். பத்து நிமிட வேலை. தாத்தாவின் குரலுக்கு அடியில் உறுமி சேர்ந்தபோது, தாத்தா அந்தக் காலத்தில் தாளத்தைவிட ஒரு நொடி முந்தித்தான் பாடுவாராம். அதை மட்டும் திருத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.